பக்கத்து சீட்டுச் சாட்சி

குற்றாலத்தில் சீசன் சமயத்தில் கார் ஓட்டப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. ஆனாலும் அன்று நான் வண்டியை நிறுத்திக்கொண்டு சும்மாதான் இருந்தேன். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பும் வழி. முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன். பக்கத்து சீட்டில் என் கணவர் தலையில் துண்டைப் போட்டுத் துவட்டிக்கொண்டிருந்தார். வேன் திடீரென்று ரிவர்ஸில் வந்து என் கார் மூக்கை நசுக்கியது.

ஏட்டையா வந்தார். வேன் டிரைவரிடம் எந்த ஊர் என்று கேட்டார். ராயகிரி என்றதும் ஏட்டையா முகத்தில் ஒரு சிரிப்பு. அப்போதே எனக்கு உறுத்தியது. லைசென்ஸைத் தேடிக் காருக்குள் குனிந்து நிமிர்வதற்குள், கவனமில்லாமல் ஓட்டி இடித்ததாக என் பேரில் ஃபைன் போட்டாகிவிட்டது.

"கட்டிட்டு விட்டுருவோம். எதுக்கு வம்பு?" என்றார், துண்டோடு இறங்கி ஏட்டையா பக்கத்தில் நின்ற கணவர்.

கட்டினால் நான் இடித்தேன் என்று ஆகிவிடும். நான் கார் ஓட்டக் கற்ற நாளிலிருந்து அவர் வீட்டில் எல்லாரும் இதற்குத்தான் காத்திருக்கிறார்கள். முடியாது என்றேன்.

அதன்பின் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். ஏட்டையாவும் டிரைவரும் சொந்தக்காரர்கள் என்று நானே முடிவுகட்டினேன். எதிரே நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "நான் சட்டியத்தாம்மா பாத்துட்டிருந்தேன்" என்றார். வேனில் வந்த கூட்டம் அவரிடம் அள்ளிக்கொண்டு போனதை நான் பார்த்தேனே! அவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்கே போனேன். கணவர் வெளியே கார் அருகில் நின்றுகொண்டார்.

"அந்த டிரைவர் சொன்னத நம்பித்தான எழுதினீங்க? ரெண்டு பேரும் ஒரே ஊரா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்.

"நான் ராயகிரில பொண்ணு எடுத்தவன்மா, அது வேற," என்றார் ஏட்டையா. "அவன் ஒண்ணுமே சொல்லல. பேந்தப் பேந்த முழிச்சிட்டு நின்னான். ஒங்க வீட்டுக்காரர்தான் சொன்னாவ. 'இப்பத்தான் ஓட்டிப் பழகுதா, பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிட்டா'ன்னு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்தேன்.

"நான் இடிச்சத நீங்க பாத்தியளா?"

அவர் காரின் நசுங்கிய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "தல தொவட்டிட்டிருந்தேன். சத்தந்தான் கேட்டுச்சு. நீதான் இடிச்சிருப்பன்னு நெனச்சேன்."

"அத உள்ள வந்து சொல்லுங்க."

சொன்னார். எழுதியும் கொடுத்தார். ஃபைனை நீக்கச் சொல்லி மேலே அனுப்புவதாக ஏட்டையா சொன்னார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். காரை எடுத்தேன்.

திரும்பும் வழியில் முன்னால் ஒரு வேன் நின்றது. நானும் நிறுத்தினேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கை ஹேண்ட் பிரேக்கின் மேல் இருந்தது.

வண்டியை ஓரங்கட்டினேன்.

"இறங்குங்க," என்றேன். "பின்னால டவுன் பஸ் வருது."