தன் கைக்கே போட்ட பூட்டு

போன வியாழக்கிழமை மத்தியானம், எங்கள் மர்பி டவுன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி, என் மகள் ஜெனி தன் மேலதிகாரியின் வேலையை நிறுத்தி வைத்துவிட்டாள்.

ரசம் ஊற்ற வந்த நான் கிண்ணத்தை மேசையிலேயே வைத்துவிட்டேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குக் கம்ப்யூட்டர் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். மகள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்! முன்பெல்லாம் அவள் திரையில் சிவப்பு எழுத்து வந்தாலே, வேலை போய்விட்டது என்று ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவேன். "அது திட்டலம்மா... தப்பு எங்க இருக்குன்னு காட்டுது" என்று அவள் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அவளிடம் இருக்கும் கருவிகள்தான் எத்தனை! எழுதும்போதே பிழைக்கு அடியில் கோடு போட ஒன்று. ஒவ்வொரு மாற்றத்தையும் பத்திரப்படுத்தி, வேண்டுமானால் நேற்று இருந்த நிலைக்கே திருப்பிக் கொண்டுபோக ஒன்று. எழுதியதை ஓட்டிப் பார்த்துச் சோதிக்க இன்னொன்று. என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி உட்கார்ந்து, 'இப்படி ஆகிவிட்டால்?' என்று யோசித்து யோசித்துச் செய்தது போலவே இருக்கும்.

ஆனால், வியாழக்கிழமை நான் பார்த்தது எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது.

பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குப் போனில் காட்டும் ஆப், ஜெனியின் கம்பெனியுடையது. திங்களன்று பள்ளி திறப்பு. டீம் லீடர் ஷைலஜா மேடம் ஒரு மாற்றம் எழுதி அனுப்பியிருந்தார். யார் எழுதினாலும், இன்னொருவர் படித்துப் பார்த்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் அது வெளியே போகுமாம். அந்த இன்னொருவர் — வேலை இன்னும் நிரந்தரமாகாத என் மகள்!

"அழுத்தித் தொலையேன்டி. அவ்ளோ பெரியவங்க எழுதினது தப்பாவா இருக்கும்?"

"இருக்கும்மா. வேன் சிக்னல் இல்லாத இடத்துக்குப் போனா, கடைசியா எங்க இருந்துச்சோ அங்கயே நிக்கிற மாதிரி காட்டுது. வேன் வாசலுக்கே வந்திருக்கும். அம்மாக்காரி இன்னும் தூரத்துல இருக்குன்னு வீட்டுக்குள்ள நிப்பா. குழந்தை தனியா ரோட்டுல இறங்கும்."

அவள் சொல்வது நியாயம்தான். ஆனாலும்... இவள் வேலை?

"நீ அழுத்தலைன்னா அவங்களே அழுத்திக்க மாட்டாங்களா? எதுக்கு வீண் பொல்லாப்பு?"

"முடியாதும்மா. தன் வேலைக்குத் தானே ஓகே சொல்ல முடியாதபடி பூட்டு இருக்கு. அதைப் போட்டதே மேடம்தான்."

தன் கைக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொள்ளும் அதிகாரியா? இந்த ஊரிலா?

அதற்குள் மேடமே போனில் வந்துவிட்டார்; ஜெனி ஸ்பீக்கரில் போட்டாள். நான் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒதுங்கி, காதை மட்டும் அனுப்பினேன்.

"ஏன் ஜெனி, இன்னும் போகலியா? ஸ்கூல்காரங்க என் உயிரை எடுக்கறாங்க!"

ஜெனி விஷயத்தைச் சொன்னாள். ஏசப்பா, போச்சு என்று நினைத்தேன்.

மேடம் கன்னடமும் தமிழுமாகக் கலந்து சொன்னார்: "அய்யோ... கரெக்ட் கணே! நான் இருந்த அவசரத்துக்கு, அந்தப் பூட்டு இல்லேன்னா நானே வெளியே தள்ளி விட்டிருப்பேன். ஸ்வல்ப டைம் குடு, சரி பண்ணி அனுப்பறேன்."

சாயங்காலம் திருத்தியது வந்தது. ஜெனி மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகுதான் பச்சை.

கருவி என்றால் வேலையை வேகப்படுத்துவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மிக்சி, குக்கர் எல்லாம் அப்படித்தானே? கையைப் பிடித்து 'கொஞ்சம் நில்' என்று சொல்ல ஒரு கருவியா! அவசரத்தில் தன்னையே நம்பக் கூடாது என்று நிதானமாக இருக்கும்போதே முடிவு செய்கிறார்களே, அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. என் விரல் அந்தப் பொத்தானில் இருந்திருந்தால்... வேண்டாம், நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஜெனிக்கு வேலை நிரந்தரமாகுமா? இன்னும் தெரியவில்லை. அந்தக் கவலை அப்படியே இருக்கிறது.

பத்திரிகைக்கு அனுப்பும் முன் இந்தப் பத்தியையும் அவளிடம் படித்துப் பார்க்கக் கொடுத்திருக்கிறேன் — நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், பச்சை விழுந்துவிட்டது என்று அர்த்தம்!