கழுவிய சும்மாடுகள்

2011, சகல ஆத்துமாக்கள் திருநாள். ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்த சாயங்காலத்தில் சிந்தியா தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்டாள். பை நிறையச் சும்மாடுகள்: கடவம் என்னும் மீன்கூடைக்கும் தலைக்கும் நடுவே வைக்க, பழைய சேலையைக் கிழித்துச் சுருட்டிய துணி வளையங்கள். மீன் சுமந்த பெண்களுக்கு எந்தச் சரித்திரத்திலும் ஒரு வரி கிடையாது. அந்த வரியைக் கண்காட்சிச் சுவரில் எழுதப் போகிறாள் இந்த ஓவியக்காரி.

"எல்லாத்தையும் திருப்பிக் கொடுக்கணும், கேட்டியா?" என்று அம்மா ஜெபமணி தன்னுடையதைக் கடைசியாகப் பைக்குள் வைத்தாள்.

"எனக்க முடி பூராவும் அதுலதாம் ஒட்டியிருக்கு. பத்திரம் மக்கா," என்றாள் அம்மாவின் கூட்டுக்காரி சத்தியபாய், வழுக்கை விழுந்த உச்சியைத் தடவிக்கொண்டு.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்தினாள். சிந்தியா பையைக் காலால் சீட்டுக்கடியில் தள்ளினாள். பள்ளிக்கூட நாட்களில் அம்மா கடவத்தோடு பஸ் ஏறினால் இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். இப்போதும் கழுத்து தானாகத் திரும்பியது.

கொச்சியில் யாரும் கழுவச் சொல்லவில்லை. அவளாகவேதான் எல்லாவற்றையும் பிரித்து, சோப்புப்பொடியில் ஊறவைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்து, கண்ணாடிச் சட்டங்களில் மாட்டினாள்.

திறப்பு நாளன்று அம்மாவும் சத்தியபாயும் சொல்லாமல் வந்து நின்றார்கள், பூசைக்குக் கட்டும் சேலையில்.

ஜெபமணி சுவரோரமாக ஒருமுறை நடந்து திரும்பினாள். "எனக்கது எது மக்கா?"

மீன்நீரும் வெயிலும் ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருந்த நிறம் போய், எல்லாம் ஒரே வெளுப்பு. சிந்தியாவுக்கும் தெரியவில்லை. ஏதோ ஒன்றைக் கைகாட்டினாள்.

"ஏட்டி ஜெபமணி, நாம எடம் மாறி வந்துட்டோமா? ஆஸ்பத்திரி மாதிரில்லா இருக்கு," என்றாள் சத்தியபாய்.

ஜெபமணி அந்தக் கண்ணாடியருகே குனிந்து மோந்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். கோபமில்லை. பஸ்ஸில் மகள் முகம் திருப்பிய நாட்களிலும் அவள் இப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். அப்போது சிந்தியா திரும்பிப் பார்த்ததே இல்லை.

சும்மாடுகளைப் பார்சலில் அனுப்பிவிட்டு, தான் மட்டும் ஊருக்குப் போகாமலிருந்தாள். டாக்கா, பெர்லின் என்று அலைந்தாள். அந்தப் படைப்பைப் பற்றி யார் கேட்டாலும் பேச்சை மாற்றினாள்.

ஐந்தாறு வருடம் கழித்து, வாட்ஸப்பில் அம்மாவின் குரல் வந்தது:

"மக்கா, நீ அனுப்புனதெல்லாம் மீன் சுமந்து சுமந்து பழைய கோலத்துக்கு வந்தாச்சு. சத்தியபாய் அவளுக்கத மோந்தே கண்டுபிடிச்சிட்டா. எனக்கதும் கிட்டியாச்சு. வேணும்னா வந்து எடு. பார்சல்ல அனுப்ப மாட்டேன். பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டுபோணும்."