மூச்சு விடுகிற கோடு

அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை. பகலெல்லாம் ஊர்பேர் தெரியாதவர்களின் வாயை அச்சில் பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, அவர் வரைந்த முகங்களில் வாய்தான் முதலில் பேசும்.

மாதம் ஒரு தபால் உறையில் பேனாவால் படம் வரைந்து, வேறு ஊரில் இருந்த ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவருக்கு அனுப்புவார். சர்வேயர் இப்படி வரும் உறைகளைச் சேர்ப்பவர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் பதில் எழுதுவார். பஸ் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் தபால்தலையை ஒட்டிய உறைக்கு நாலு பக்கம் வந்தது. பதினோரு வருடமாக இருவரும் நேரில் பார்த்ததே இல்லை.

பன்னிரண்டாம் வருடம் ஒரு கடிதத்தின் கடைசியில் சர்வேயர் எழுதியிருந்தார்: ‘சலவைக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணும் உறை அனுப்புகிறாள். அவளுடைய கோடு மூச்சு விடுகிறது. விலாசம் தருகிறேன், எழுதிப் பாருங்கள்.’

பல்லுக்காரருக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடத்தில் தன் கோட்டைப் பற்றி சர்வேயர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

“மூச்சு விடுதாம்,” என்றார் மனைவியிடம். “அப்போ நம்மளுது செத்துக் கிடக்குதா?”

“அவர் அவளைப் பத்தித்தானே சொன்னாரு. உங்களை என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலியே. அதுதானே விஷயம்.”

அடுத்த மாதம் நாலே கோட்டில் ஒரு முகம் வரைந்து அனுப்பினார். ‘இது உங்கள் கை இல்லையே, உடம்பு சரியில்லையா?’ என்று பதில் வந்தது. மூக்கு உடைந்துபோனது. மூன்று மாதம் பேனாவைத் தொடவில்லை. பட்டறையில் ஒரு பல்செட்டின் மேல்வரிசையைக் கோணலாக அடுக்கிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, கசங்கிய சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு அந்தச் சலவைக் கடை இருந்த ஊருக்கு பஸ் ஏறினார்.

சின்னக் கடை. முப்பது வயதுப் பெண் ஒருத்தி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். துணி மூட்டைகளுக்கு நடுவே, பாதி வரைந்த உறை ஒன்று கிடந்தது.

“நீங்க வரைஞ்சதா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. ஒரு பெரியவருக்கு அனுப்புவேன். அவரு எப்பப் பார்த்தாலும் ஒரு பல்லுக்காரரைப் பத்தியே எழுதுவாரு. அவரு பொறுமை உனக்கு வரலை, அவரு மாதிரி வாயைப் பார்க்கக் கத்துக்கோன்னு. படிக்கப் படிக்கப் பத்திக்கிட்டு வரும்.” இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்தாள். “அந்த ஆளு வரையறதை நிறுத்தித் தொலைச்சா நல்லதுன்னு சாமி கும்பிட்டிருக்கேன்.”

அவர் பையிலிருந்த சட்டையை எடுத்து நீட்டினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்து சட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பஸ்ஸில் வழி நெடுக மனம் குளுகுளுவென்றிருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. “நான்தான் அந்த ஆளுன்னு சொல்லியிருக்கலாம்ல. மூணு மாசமா நீங்க பட்ட பாட்டைத்தானே அந்தப் பொண்ணும் பட்டுக்கிட்டிருக்கா?”

அதற்குப் பிறகு அவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் உடனே எழுத மனம் வரவில்லை. தன்னைப் பார்த்து ஒருத்தி வயிறெரிகிறாள் என்பது வாழ்க்கையில் முதல் தடவை. அதை இரண்டு வாரம் அனுபவித்தார். பிறகு சலவைக் கடையை, மூட்டை மூட்டையாக, ஒரு துணி விடாமல் உறையில் வரைந்தார். உள்ளே தான் யார் என்று எழுதி, மன்னிப்புக் கேட்டு அனுப்பினார்.

எட்டாம் நாள் பதில் வந்தது. உறையில், பெஞ்சில் திருட்டு முழியோடு அவர் உட்கார்ந்திருந்தார். ஆறு கோடு இருக்கலாம்.

உள்ளே ஒரே வரி: ‘அன்னைக்கே சொல்லியிருந்தா சட்டையைக் கருக்கியிருப்பேன்.’

மனைவி அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். “இந்தப் பொண்ணு பரவாயில்லை,” என்றாள்.

“ரொம்ப நல்லா வரையறா,” என்றார் பல்லுக்காரர். சொல்லும்போதே அடிவயிற்றில் எரிந்தது. உறையை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார்.