மூன்றாவது பாட்டில் மாட்டிக்கொண்ட இடம்

காய்ந்த எண்ணெயில் ஈரக் கையை உதறினாற்போல ஒரு சடசடப்பு. அதற்கடியில், தூரத்தில் ரைஸ்மில் ஓடுவது போன்ற ஒரு முனகல். என் அக்காவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கொடுத்துவிட்டுப் போன சீடி இப்படித்தான் தொடங்கும்.

அப்போது திண்டிவனத்தில் இருந்தோம். நான் ஏழாம் வகுப்பு. அக்கா தினமும் ரயிலேறி விழுப்புரம் போய் எம்.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவரிடம் நான் கவனித்தவை: வீட்டுக்குள்ளும் கழுத்தில் தொங்கிய ஹெட்போன், கேசரியைத் தொடாத கை, பெண்ணைப் பாடச் சொல்லலாமா என்று அவருடைய அம்மா கேட்டபோது உதட்டோரம் வந்த ஒரு களைத்த சிரிப்பு.

"பாட வேணாம்மா. கேக்கத் தெரியுதான்னு பாப்போம்" என்று, தானே நகலெடுத்த ஒரு சீடியைப் பையிலிருந்து எடுத்தார். 'போஸ்ட் ராக்' என்ற வகையாம், சோதனை முயற்சியாம், குரலே கிடையாதாம். "அடுத்த வாரம் வருவேன். எந்த இடம் புடிச்சுதுன்னு நீங்க சொல்றதுலயே நீங்க யாருன்னு எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார் அக்காவிடம். மற்ற எல்லாவற்றுக்கும் இரு வீட்டாரும் தலையாட்டிவிட்டார்கள், அக்கா படிப்பைப் பாதியில் நிறுத்துவது உட்பட. ஆக, அவள் கல்யாணம் அந்த ஒரு பதிலில் வந்து நின்றது. அவளுக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

டிவிடி பிளேயரில் போட்டுக் குடும்பமே உட்கார்ந்து கேட்டோம். ஒரு கிதார் இரண்டே சுரங்களில் நடந்தது, நடந்தது, இன்னும் நடந்தது. பிறகு ட்ரம் சேர்ந்தது. முடிவில் எல்லோருமாகப் பாத்திரக்கடையைக் கவிழ்த்தார்கள். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்த அப்பா பொறுமையாகக் காத்திருந்தார்.

"பாடறவரு எப்பம்மா வருவாரு?"

"வரமாட்டாருப்பா."

"ஏன், சம்பளம் குடுக்கலயா?"

அந்தச் சடசடப்புதான் அவரைப் படுத்தியது. வேண்டுமென்றே சேர்த்த ஓசை என்று அக்கா சொன்னதை அவர் நம்பவில்லை. "இன்னாடி பேசற? எவனாவது கீறலப் போயி பாட்டுல சேப்பானா? சீடி தேஞ்சிக்கினு கெடக்குது." கீறல் விழுந்த சீடிக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே வைத்தியம், வெள்ளைப் பல்பொடி. மறுநாள் அக்கா கல்லூரியிலிருந்து திரும்புவதற்குள், குத்துவிளக்கைத் துலக்குவதுபோல வட்டவட்டமாகத் தேய்த்து முடித்திருந்தார். வீடே கிராம்பு வாசனை.

சடசடப்பு போகவில்லை. போதாததற்கு, முதல் நாள் சரியாக ஓடிய மூன்றாவது பாட்டில் ட்ரம் ஏறும் இடத்தில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப அடித்தது. பிளேயரின் முகப்பில் நொடி எண் நகரவில்லை. "மாட்டிக்கிச்சு" என்று அப்பா பிளேயரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். நகர்ந்தது.

அக்கா அந்த வாரம் முழுதும், அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, விடாமல் கேட்டாள். கடைசிப் பாட்டில் எல்லாம் ஓய்ந்து கிதார் மட்டும் தனியாக நிற்கும் ஓர் இடம் அவளுக்கு உண்மையாகவே பிடித்துப்போனது. அதைத்தான் சொல்லப்போவதாக என்னிடம் சொல்லியிருந்தாள்.

அவர் வந்தார். உட்கார்ந்ததும், "ஒண்ணும் புரிஞ்சிருக்காதே? பரவால்ல. இந்த ஊர்ல யாருக்குப் புரியும்" என்றார்.

அக்கா காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். "மூணாவது பாட்டு புடிச்சுதுங்க. ட்ரம் ஏறும்போது ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருதே, அந்த எடம்."

அவர் கண்களை மூடிக்கொண்டார். "அதான். அந்த எடம்தான் அந்த ஆல்பத்துக்கு உயிரு. ஒவ்வொரு தடவையும் எனக்கு அங்கதான் கண்ணு கலங்கும்."

அப்பாவுக்கு இருமல் வந்து வாசலுக்குப் போனார். அம்மாவும் நானும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சமையலறைக்குள் அக்கா நேராக வந்தாள்.

"வேணாம்மா."

"ஏண்டி? பாட்டுக்கே கண்ணு கலங்கற புள்ள, ஒன்ன அழ வெப்பானா?"

"அந்தப் பாட்ட அவரு கேட்டதே இல்லம்மா" என்றாள் அக்கா.

அந்தக் கிதார் இடத்தை அவள் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அக்கா படித்து முடித்து இப்போது விழுப்புரத்தில் கணிதம் கற்பிக்கிறாள். நான் கார் கம்பெனியில் எஞ்சின் இரைச்சலை அளக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் தெருமுனையில் இருந்த சீடிக் கடையில் இன்று செல்போன் உறை விற்கிறார்கள். பிளேயர் காயலான் கடைக்குப் போய்விட்டது. பல்பொடி டப்பாவையும் காணோம். அந்த ஆல்பம் மட்டும் கீறலில்லாமல் போனில் கிடைக்கிறது. மோசமில்லை, நீளம்தான். மூன்றாவது பாட்டின் அந்த இடம் இமைப்பதற்குள் கடந்துவிடுகிறது. அங்கே ஒன்றுமே இல்லை.

அலுவலகத்தில் யாராவது ஹெட்போனைக் கழற்றிவிட்டு எனக்கு இசை ரசனை சொல்லித்தர முன்வந்தால், அந்தத் திரும்பத் திரும்ப வரும் இடத்தைப் பற்றி மரியாதையோடு விசாரிக்கிறேன். இதுவரை எல்லோருக்கும் அங்கே கண் கலங்கியிருக்கிறது.