பெண் வீட்டில் கை நனைக்காதவன்

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சித்தேரி மலைக்கு பைக்கில் போய் வந்தேன். தனியாகத்தான். எதற்கு? ஒரு வேளைச் சோறு சாப்பிட.

சோற்றுக்காகவா இத்தனை வளைவு என்று கேட்பீர்கள். முதல் பயணத்தைச் சொன்னால்தான் புரியும்.

நண்பன் குமரவேலுக்கு ஊர் தீர்த்தமலைப் பக்கம். செல்விக்கு சித்தேரி மலைக்குள்ளே ஒரு குக்கிராமம். இருவருக்கும் அரூரில் ஒரே துணிக்கடையில் வேலை. காதல். மலைச் சம்பந்தமா என்று இழுத்த குமரவேல் வீட்டார் கடைசியில் இறங்கி வந்தார்கள். முதலில் ஒருவர் போய்ப் பெண் வீட்டார் மனசைத் தெரிந்துகொண்டு வரட்டும் என்றார்கள்.

வேறு யார்? எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். மனு எழுத, ஆஸ்பத்திரிக்குத் துணை போக, சம்பந்தம் பேச... எல்லாவற்றுக்கும் ‘படிச்ச பையன்’ நான்தான்.

கிளம்பும்போது குமரவேலின் அம்மா சொன்னார்: “பேச்சு முடியற வரைக்கும் பொண்ணு வூட்டுல கை நனைக்கக் கூடாது சாமி.”

நம் பக்கத்து வழக்கம் தெரியுமே. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

மலைப்பாதையில் பாதித் தூரம் செகண்ட் கியர்தான். வளைவுக்கு வளைவு ஹாரன். தார் முடிந்த பிறகு கல்லும் மண்ணும். ஓரிடத்தில் வண்டி சரிந்து, முழங்கால் சிராய்ந்தது. ஊர் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பசி வேறு.

செல்வியின் அப்பா கட்டிலை இழுத்துப் போட்டார். அம்மா சாமைச் சோறும் கோழிக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். எனக்காகவே அடித்த கோழி.

“சாப்புட்டுட்டுத்தானுங்கம்மா வந்தேன்.”

“வழியில கடையே இல்லீங்களே தம்பி. கொஞ்சமாச்சும் சாப்புடுங்க.”

“வேண்டாமுங்க.”

“தண்ணியாவது?”

“பாட்டில் இருக்குதுங்க” என்று பையிலிருந்து எடுத்துக் குடித்தேன். எவ்வளவு கெட்டிக்காரன்!

அப்பா என் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரிங்க தம்பி. சொல்லி அனுப்பறோம்” என்றார். காரியம் பழம் என்று நினைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி இறங்கினேன்.

பதில் செல்வி மூலமாகக் குமரவேலுக்கு வந்தது. அவள் அப்பா சொன்னதை அவன் போனில் அப்படியே சொன்னான்: “கீழ இருந்து புளி வாங்க வர்றவன்தான் நம்ம வூட்டுத் தண்ணியத் தொட மாட்டான்னா, பொண்ணு கேக்க வந்தவரும் தொடல. நாளைக்கி நம்ம புள்ள ஆக்கிப் போட்டா அந்த வூட்டுல யாரு திம்பாங்க?”

பிறகு செல்வி கடைக்கு வரவில்லை. குமரவேலும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. “நீ போகாமயே இருந்திருக்கலாம்டா” என்றான் ஒருநாள்... கோபமே இல்லாமல்.

நான் ஒரு வழக்கத்தைத்தானே காப்பாற்றினேன்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நம் ஊர் வழக்கம் மலையேறும்போது அதற்கு என்ன அர்த்தமாகும் என்று, சட்டியில் கோழி கொதித்த அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோதாவது யோசித்திருக்க வேண்டாமா?

அதனால்தான் இந்த இரண்டாவது பயணம். வாசலில் நின்றேன். “அம்மா, பசிக்குதுங்க. சோறு போடுங்க.”

போட்டார். களியும் கீரையும். வழித்துச் சாப்பிட்டேன். சொம்புத் தண்ணீரையும் குடித்தேன். வழக்கத்தை விளக்கினேன். செல்வியின் அப்பா பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க நல்ல புள்ளதான் தம்பி. ஆனா இப்ப மனசு சமாதானத்துக்குச் சாப்புடறீங்க. அன்னிக்கி நெசமாவே பசிச்சுது... அப்பவும் சாப்புடல பாருங்க.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “புள்ளைக்கி எங்க சனத்துலயே பேசி முடிச்சுட்டோமுங்க.”

உள்ளே செல்வி பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடியும் தொடங்கியது.

மருந்துக்குத்தான் வேளை உண்டு என்று நினைத்திருந்தேன். சோற்றுக்கும் உண்டு.