வளைவில் ஒளிந்து நிற்காத காவல்

சாரல் பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை காலை, குற்றாலம் மெயின் அருவிச் சாலையில் வேன்களை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் காவல் நிலையத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஓய்வுபெற்ற எஸ்.ஐ. செல்லத்தாய் அம்மா தென்காசியில் தம் வீட்டில் காலமானார். பின்னால் நின்ற கேரள வேன்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். அழக்கூட நேரம் தராத வேலை இது. அவரைக் கைகாட்டி அனுப்பிவிட்டுத்தான் கண்ணைத் துடைத்தேன்.

அம்மாவுடன் வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் திட்டு வாங்கிய ஆட்டோக்கார அண்ணாச்சிமார்களுக்கும் அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

அவர் வருமுன் எங்கள் நிலையத்தில் திருட்டு, அடிதடி, கோயில் பந்தோபஸ்து, இவைதான் வேலை. விபத்து என்றால் எழுதி மூடுவதோடு சரி. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று ஏட்டான என் பேனா தானாகவே ஓடும். வந்த வாரமே அம்மா அதைப் பிடித்து நிறுத்தினார். "ஏட்டையா, இடத்தப் பாக்காமலே எழுதுதீங்களே, அவன் எதனால விழுந்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" மறுநாள் முதல் காலை ரோல்காலில் அவருடைய முதல் கேள்வியே, "நேத்து யாரு விழுந்தா? எங்கன விழுந்தா?" என்பதுதான். முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரித்தோம்.

சீசனில் வருகிறவர்கள் மசாஜ் கடையில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு அப்படியே பைக்கில் அருவிக்குக் கிளம்புவார்கள். உள்ளங்கால் வழுக்கும், பிரேக் பிடிபடாது. விழுந்த இடங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் அம்மாவுக்கு இது புரிந்தது. கடை வாசல்களில் பழைய சாக்கும் சீயக்காய்த் தூளும் வைக்கச் சொன்னார். "தொடச்சிட்டு ஏறுங்கய்யா. எண்ணெ ஒங்களுக்குத்தான், பிரேக்குக்கு இல்ல." அந்தச் சரிவில் விழுகிறவர்கள் குறைந்தார்கள். எங்கள் சிரிப்பும் குறைந்தது.

ஹெல்மெட் சோதனைக்கு ஒருநாள் என்னை அனுப்பினார். வளைவில் புளியமரத்துக்குப் பின்னால் நின்றால் ஒருவரும் தப்ப முடியாது என்று இடம் பார்த்தவன் நான். காலங்காலமாக நாங்கள் அப்படித்தான் நிற்போம். குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கும் முருகேசன் வெறுந்தலையோடு வந்தார். பாய்ந்து கையை நீட்டினேன். மிரண்டுபோய் வண்டியை வெட்டித் திருப்பியவர் எதிரே வந்த வேனில் மோதினார். வலது கால் நொறுங்கிவிட்டது.

நிலையத்துக்கு வந்து வழக்கமான அந்த வரியையே எழுதத் தொடங்கினேன். அம்மா பார்த்துவிட்டார்.

"நடந்தத எழுதுங்க. போலீஸ் மறைஞ்சு நின்னுதுன்னு எழுதுங்க."

"வேல போயிரும்மா," என்றேன். பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த காலம்.

"அனுப்புனது நான். எம் பேர எழுதுங்க."

ஆஸ்பத்திரிக்கும் அவரே போய், முருகேசனின் மனைவியிடம், "தப்பு எங்களோடது தாயி" என்று சொல்லிவிட்டு வந்தார். விளக்கம் கேட்டு மெமோ அவருக்குத்தான் வந்தது. என் பெயர் எங்குமே வரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்றும் எனக்கு உண்டு.

அதன்பிறகு எங்கள் ஆட்கள் யாரும் வளைவில் ஒளிந்து நிற்கவில்லை. நேர்சாலையில், தூரத்திலேயே கண்ணில் படும்படி நின்றோம். வளைவுகளில் புதரை வெட்டினோம். எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லி நெடுஞ்சாலைத் துறைக்கு நடையாய் நடந்தோம். இப்போது பக்கத்து நிலையங்களிலும் காலையில் விபத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்களாம். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

துக்க வீட்டு வாசலில் முருகேசனைப் பார்த்தேன். கால் சற்று இழுக்கிறது. கையில் ஹெல்மெட் இருந்தது. இன்றைக்கு விட்டால் என்றைக்கும் முடியாது என்று தோன்றவே, கிட்டே போனேன்.

"அன்னைக்குக் கைய நீட்டுனது நான்தான் தம்பி."

"தெரியும் ஏட்டையா. ஒங்க மூஞ்சிய மறப்பனா? நீங்க ஏன் வந்து பாக்கலன்னு அம்மாட்ட அப்பவே கேட்டேன். 'அவரு நல்ல மனுசன், ஒருநாள் அவரே வந்து சொல்லுவாரு, பொறுத்துக்கோ'ன்னு சொன்னாவ."

அம்மா என்மீது இத்தனை வருஷம் வைத்திருந்த நம்பிக்கையை, அவர் போன பிறகுதான் கேட்கக் கொடுத்துவைத்தது. இனிப் புதிதாக வரும் காவலர்களுக்கு அந்தப் புளியமரத்தைக் காட்டும்போது, இதுவரை சொன்னதுபோல் யாரோ ஒரு ஏட்டு என்று சொல்ல மாட்டேன். என் பெயரையே சொல்வேன்.