தொடாமல் விழுகிறவர்

என் அத்தானைக் கீழே தள்ள யாரும் அவரைத் தொட வேண்டியதில்லை. எதிரே நின்று உள்ளங்கையை நீட்டினால் போதும், பின்னால் பறந்துபோய் விழுவார். குங்ஃபூப் பள்ளியில் அவருக்குத் தூண் என்று பட்டப்பெயர். தொடாமலே சாய்கிற தூணை நான் அங்கேதான் பார்த்தேன்.

அவர் என் அக்கா புருஷன். வேலை டைல்ஸ் பதிப்பது. முழங்காலுக்கு ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு, பகல் முழுக்க யார் வீட்டுக் குளியலறையிலாவது மண்டியிட்டுக் கிடப்பார். பதித்த டைலைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்ப்பார். அடியில் கலவை பிடிக்காமல் காலியாக இருந்தால் சத்தம் மாறுமாம். வீட்டுக்காரரே பரவாயில்லை என்றாலும் கேட்க மாட்டார், பெயர்த்தெடுத்து மறுபடி பதித்துவிட்டுத்தான் கிளம்புவார். வேலையில் பித்தலாட்டம் அவருக்கு ஆகாது. இதை நான் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதெல்லாம் அவரைப் பற்றி நல்லதாக இருக்காது.

வேலை முடிந்ததும் கைகால் கழுவிக்கொண்டு நேரே பள்ளிக்குப் போய்விடுவார். டயர் கடைக்கு மேல்மாடி. கதவைத் திறந்ததும் வாடைதான் முதலில் வந்து மூஞ்சியில் அறையும், பாதி ரப்பர், பாதி வியர்வை. தரையில் போட்டிருந்த நீல மேட் விரிப்புகள் ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் பிசுபிசுவென்று பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கூடையில் கையுறைகள் கிடக்கும். உள்ளே கையை விட்டால் நமக்கு முன்னால் போட்டவர் விட்டுப்போன ஈரம் விரலிடுக்கில் ஏறும். ஒரு முறை யாரோ ஒருவருடைய பிளாஸ்திரியும் என் விரலோடு வெளியே வந்தது. நான் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறவள், அடுத்தவர் எச்சிலோடு குடும்பம் நடத்துகிறவள். எனக்கே குமட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை அங்கே சேர்த்துவிட்டது அத்தான்தான். ஆரம்பத்தில் பயிற்சி நிஜமான பயிற்சியாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். குதிரை நிலை என்று முழங்காலை மடக்கி, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த மாதிரி நிற்க வைப்பார் மாஸ்டர். தொடை நடுநடுங்கும். அவர் சாவகாசமாக டீ குடித்துவிட்டு வருவார். குத்து, தடுப்பு, உதை எல்லாவற்றுக்கும் முன்னால் விழக் கற்றுக்கொடுத்தார். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, தரையில் படுகிற அதே நேரத்தில் கையால் மேட்டை ஓங்கி அடிக்க வேண்டும். அப்படி விழுந்தால் அடிபடாது. விழுவதில் அத்தானை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

அப்புறம் மாஸ்டருக்கு இடுப்பு மூட்டு தேய ஆரம்பித்தது. அறுபதைத் தாண்டிய மனிதர், தேயத்தான் செய்யும். அதை ஒத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அத்தான் நெஞ்சில் உள்ளங்கையால் அடித்துக் காட்ட முன்னால் பாய்ந்தார். பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஒரு நொடி யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது அத்தான் பின்னால் எகிறி, மேட்டைப் படாரென்று அடித்து விழுந்தார். எல்லாரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டது மாஸ்டர்தான். தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. படியிறங்கும்போது அத்தானிடம் கேட்டேன். பட்டுச்சு என்றார், செருப்பைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த வாரம் மாஸ்டர் மறுபடி அவரைக் கூப்பிட்டார். அதற்கடுத்த வாரமும். ஒரு சாண் ஒரு முழமாயிற்று, பிறகு அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ள ஆரம்பித்தார். அதற்கு உள்மூச்சு என்று பெயரும் வைத்தாயிற்று. தூணே சாய்கிறபோது மற்றவர்கள் நிற்பார்களா? ஒவ்வொருவராக விழுந்தார்கள். விழாதவர்களுக்கு மனசு மூடியிருக்கிறது என்று சொல்லி, ஈரத்துணியைக் கொடுத்து மேட் துடைக்க அனுப்பினார்கள். நான் துடைத்தேன். துணியைப் பிழிந்தபோது வந்த கறுப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, இந்தக் கண்றாவி போதும் என்று நின்றுவிட்டேன்.

இதோடு போயிருந்தால் நான் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். அத்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அக்கா ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகள் மடிக்கிறாள். வீடு திரும்ப ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதையைக் கடக்க வேண்டும். அந்த இடத்தை நினைத்து அவளுக்கு எப்போதும் உதறல். அதனால் அத்தான் அவளுக்குச் சமையலறையில் வைத்துப் பாடம் எடுத்தார். வயிற்றில் மூச்சைப் பிடி, உள்ளங்கையை நீட்டு, தள்ளு. அவள் நீட்டுவாள், அவர் போய் ஃபிரிட்ஜில் மோதுவார். மேலே வைத்திருக்கும் டப்பாக்கள் உருளும். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பாதியில் விட்டுட்டு வந்தவ நீ, உனக்கென்ன தெரியும் என்று என் வாயை அடைத்துவிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. கூடவே வாழ்கிற மனுஷன் கண்ணெதிரில் போய் மோதுகிறான், நம்பாமல் என்ன செய்வாள்?

ஒரு மாலை அந்தச் சுரங்கப்பாதையில் ஒருவன் அவள் கைப்பையைப் பிடித்து இழுத்தான். விட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம். ஓடியிருக்கலாம், ஓட்டத்தில் அவள் படுசுறுசுறுப்பு. அவள் நின்றாள். மூச்சைப் பிடித்து உள்ளங்கையை நீட்டினாள். அவன் அவள் வாயிலேயே குத்திவிட்டுப் பையோடு போய்விட்டான்.

முன்பல் இரண்டும் உடைந்து வேர் மட்டும் நின்றது. எங்கள் மருத்துவர்தான் எடுத்தார். எச்சிலையும் ரத்தத்தையும் உறிஞ்சுகிற குழாயை அக்காவின் வாயில் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அத்தான் வேலையிடத்திலிருந்து சிமெண்ட் கையோடு ஓடிவந்து வாசலில் நின்றார். அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"மூச்சை எங்க பிடிச்ச? நெஞ்சுலயா, வயித்துலயா?"

அக்கா வாய் நிறையப் பஞ்சோடு நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அதான் என்று அவர் தலையாட்டினார். குழாய் மட்டும் என் கையில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அந்த அறையில் தினமும் எத்தனையோ சொத்தை, எத்தனையோ சீழ் பார்க்கிறேன். அந்த ஒரு வார்த்தை மாதிரி எதுவும் எனக்கு அருவருப்பாக இருந்ததில்லை.

கழற்றி மாட்டுகிற பல் கட்டிக்கொண்ட பிறகு, அக்கா காலையில் எழுந்ததும் வயிற்றில் மூச்சுப் பிடித்துப் பழக ஆரம்பித்தாள். தப்பு தன் மேல்தான், சரியாகச் செய்திருந்தால் பல் போயிருக்காது என்று என்னிடமே சொன்னாள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். எனக்கு அத்தானிடமிருந்து ஒன்றே ஒன்று தேவைப்பட்டது. உன் மேல் தப்பில்லை என்று அவளிடம் அவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஜாடையாகச் சொன்னேன், சண்டை போட்டும் சொன்னேன். உனக்கு இதெல்லாம் புரியாது என்று நழுவிவிட்டார்.

இந்த நிலையில் மாஸ்டர் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு தொடங்கினார். நடத்தப்போவது அத்தான். முதல் நாள் செய்துகாட்டலுக்கு நர்சுகள், கடைகளில் நிற்கிற பெண்கள், விடுதியில் தங்கிப் படிக்கிற பெண்கள் என்று மாடி நிறைந்துவிட்டது. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்காக நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன்.

அத்தான் வெள்ளை உடுப்பில் நடுவில் வந்து நின்றார். மாஸ்டர் உள்மூச்சின் பெருமைகளை அளந்துகொண்டிருந்தார். பேச்சின் நடுவே அவருக்கு மூக்கு அரித்திருக்க வேண்டும். சொறியக் கையைத் தூக்கினார்.

அத்தான் பறந்தார். மேட் படாரென்று அதிர்ந்தது. மாஸ்டரின் விரல் இன்னும் மூக்கில் இருந்தது. பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரிக்க, அது நாலைந்து பேருக்குத் தொற்றிக்கொண்டது. மாஸ்டர் சமாளித்துவிட்டார். நான் நினைத்ததற்கே விழுந்துவிட்டார் பாருங்கள் என்றார். ஜால்ராக்கள் கைதட்டின. எழுந்த அத்தான் மாஸ்டரைப் பார்க்கவில்லை. நேராக அக்காவைப் பார்த்தார், கையும் களவுமாகப் பிடிபட்டவன் பார்க்கிற மாதிரி. அக்காவும் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாஸ்டர் அவரை மறுபடி நிற்கச் சொல்லி, கையை நீட்டித் தள்ளினார். அத்தான் நின்றார். இன்னொரு முறை தள்ளினார். அப்போதும் நின்றார். வாழ்க்கையில் முதல் முறையாக அத்தான் ஜெயிக்க வேண்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். மாஸ்டருக்கு நெற்றி வியர்த்தது, இடுப்பு நடுங்கியது. அத்தான் அக்காவைப் பார்த்தார். பிறகு மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, எங்கேயும் அடிபடாமல் அழகாக விழுந்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் பெயர் கொடுக்கப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அக்கா எழுந்து நின்றாள்.

"வலிச்சுதா?"

"இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாவம்மா அவரு. அன்னிக்கும் இப்படித்தான் இடுப்பு பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அத்தனை பேரு முன்னாடி அவரை எப்படி விட்டுக்கொடுக்கிறது?"

"என்னை விட்டுக்கொடுத்துட்டீங்களே."

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வரிசையில் முதலாவதாக நின்ற பெண்ணிடம் போனாள். முன்பற்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாயை மூடாமல் சொன்னாள்:

"நானும் இவங்க சொன்ன மாதிரிதாம்மா கையை நீட்டுனேன்."